ஒன்பதாம் தேதிக்கு அடுத்த நாள் பதினேழு

சொந்தக் கிளினிக்குக்குப் புறவாசல் வழியாகப் போய் வந்த டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மட்டாஞ்சேரி காலண்டர் டாக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வெளியே போர்டில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் யாராவது வேலை சொல்லிவிடுவார்கள். அதனால் ஊர் வைத்த பெயரே எனக்கும் போதும் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருஷம் அந்தக் கிளினிக்கைக் கூட்டித் துடைத்து, ஊசிகளை வெந்நீரில் கொதிக்க வைத்தவள் நான். எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

புறவாசல் கதை இப்படி. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சர்க்கார் வீடு வீடாக ஆள் தேடிக்கொண்டிருந்த காலம். கிளினிக்குக்கு எதிர்ச் சுவரில் அதன் சின்னமான சிவப்பு முக்கோணத்தைப் பெரிதாக வரைந்துவிட்டுப் போனார்கள். டாக்டரோ தினமும் காலையில் மாதா கோவிலில் பூசை கண்டுவிட்டுச் சைக்கிளில் வருகிறவர். தெய்வம் கொடுப்பதைக் கத்தி வைத்துத் தடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. சுவரோ அவருடையது இல்லை. இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, முன்கதவைப் பூட்டிவிட்டு, நோயாளிகளைப் பின் சந்து வழியாக வரச் சொல்லிவிட்டார். அந்தச் சந்தில் நான் வைத்திருந்த கோழிக்கூட்டைத் தாண்டித்தான் டாக்டரைப் பார்க்க முடியும். காய்ச்சலோடு வந்த ஒரு குஜராத்தி சேட்டுவைக் கோழி கொத்தி, காலுக்கும் மருந்து கட்ட வேண்டியதாகப் போயிற்று.

பொய்யும் எழுத மாட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவன் வயிற்றுவலி என்று சர்டிபிகேட் கேட்டான்.

"எடோ, உனக்கு வயிறு வலிக்குதா?"

"இல்ல சாரே. ஆலுவாயில மச்சினி கல்யாணம்."

"அப்ப அதை எழுதறேன்."

எழுதினார். 'இவன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மச்சினி கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மனைவி மூலமாக ஏதாவது வரலாம். மூன்று நாள் லீவு நல்லது.' மேலதிகாரி சிரித்துவிட்டு நாலு நாள் கொடுத்தாராம்.

இனி காலண்டர். ஆபரேஷன் கூடாது, மாத்திரை கூடாது என்றால் பெண்கள் என்னதான் செய்வார்கள்? ஜனவரி பிறந்ததும், தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்றை ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுப்பார். மாதா மாதம் நாள் கணக்குக் கேட்டு, சில தாள்களில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். வட்டம் போட்ட நாளில் புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை. கொங்கணி மாமி, குஜராத்திப் பெண், முக்காடு போட்ட உம்மா, தமிழச்சி என்று எல்லோரும் கக்கத்தில் காலண்டரோடு கோழிக்கூட்டருகில் வரிசையில் நிற்பார்கள். எனக்கும் ஒன்று உண்டு. எழுத்து வராவிட்டால் என்ன, வட்டம் தெரியாதா?

என் வீட்டுக்காரர் வேலு மிளகு குடோனில் மூட்டை தூக்குகிறவர். காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து, டாக்டர் கணக்குப் பார்ப்பதற்காக அட்டைக்குப் பின்னால் செருகி வைப்பது அவர் வேலை. ஒரு மாதம் நான் காலண்டரை நீட்டியதும் டாக்டர் கிழித்த தாள்களைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"எந்தா செல்லம்மே, ஒன்பது கழிஞ்சா பதினேழா?"

"எனக்கென்ன தெரியும் டாக்டரே? கிழிக்கிறது எங்க வீட்டு ஆளு."

ஆளை வரவழைத்தார்.

"எடோ வேலு, பத்து முதல் பதினாறு வரை எங்கே?"

"காத்துல பறந்திருக்கும் சாரே."

"வட்டம் போட்ட தாள் மட்டும் பறக்குமோ?"

"வட்டமா இருந்தா உருண்டு போகும்ல சாரே."

அப்படிப் பிறந்தவள்தான் எங்கள் நாலாவது, ராணி. டாக்டர் அவளைக் கூப்பிட்டது 'பறந்த தாள்' என்று.

சிரிப்பெல்லாம் அதுவரைதான். அந்தப் பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் அன்று பூசைக்குக்கூடப் போகாமல் என் கட்டிலருகிலேயே இருந்து உயிரைப் பிடித்து நிறுத்தினார். நான் எழுந்து உட்கார்ந்ததும் அவரே சொன்னார், இன்னொரு பிரசவம் உன் உடம்பு தாங்காது என்று. பொய் சொல்லத் தெரியாதவர் அல்லவா.

"அப்ப ஆபரேஷனுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"அது மட்டும் கேக்காதே செல்லம்மே. காலண்டர் உண்டல்லோ."

"உங்க காலண்டரை நான் நம்புறேன் டாக்டரே. எங்க வீட்டு ஆளை யாரு நம்புறது?"

"நான் அவன்கிட்ட பேசறேன். இது என் மனசாட்சி சம்பந்தப்பட்டது."

"நான் செத்தா நாலு பிள்ளைங்களுக்கு உங்க மனசாட்சி வந்து சோறு ஊட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சீட்டு மட்டும் எழுதவில்லை.

முதலில் வீட்டுக்காரரைத்தான் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டேன். மூட்டை தூக்க முடியாமல் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படகுத்துறை வரை வந்தவர் திரும்பி ஓடிவிட்டார். பிறகு நானே போனேன். டாக்டரிடம் கும்பளங்கியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, படகேறி எர்ணாகுளத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

வீட்டுக்கு வந்த பிறகு தையல் சீழ் பிடித்து, காய்ச்சல் அனலாக அடித்தது. பயந்துபோன வீட்டுக்காரர் காலண்டர் டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் வயிற்றைப் பார்த்தார்.

"கும்பளங்கியில் உன் அக்கா கத்தி வச்சிருக்காளோ?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை போயிற்று, வைத்தியமும் போயிற்று என்று நினைத்தேன். பையைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"வேலு, வெந்நீர் வை."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். "நீங்க கூடாதுன்னு சொன்னதைச் செஞ்சவ நான். நீங்க எதுக்குத் தொடணும்?"

"செஞ்சது சரியா தப்பா, அதை நான் இன்னும் உன்கிட்ட சண்டை போடுவேன். அதுக்கு நீ உயிரோட இருக்கணும். கையை எடு."

பதினோரு நாள் வந்தார். பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீடு. தன் கையாலேயே சீழைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுவார். கட்டி முடிக்கிறவரை சண்டை.

"நீ செஞ்சது தப்பு செல்லம்மே."

"சரிதான் டாக்டரே."

"தப்பு. வலிக்குதா?"

"வலிக்கல. சரிதான்."

கடைசி நாள் பையை மூடும்போது, "திங்கட்கிழமை வேலைக்கு வா. நீ இல்லாம கோழி என்னையே கொத்துது" என்றார்.

அடுத்த ஜனவரியில் இனி எனக்கு எதற்குக் காலண்டர் என்று ஒதுங்கி நின்றேன். கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். வீட்டுக்குப் போய்த் தாள் தாளாகப் புரட்டினேன். வருஷம் முழுக்க ஒரே ஒரு வட்டம். எழுத்துக் கூட்டிப் பார்த்தால், ராணி பிறந்த நாள். பிறகு அவர் இருந்தவரை எல்லா வருஷமும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரர் அந்தத் தாளை மட்டும் கிழிக்க மாட்டார்.

டாக்டர் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது ராணிதான் காலண்டர் வாங்கி வந்து ஆணியில் மாட்டுகிறாள். வட்டத்தை நான் போடுகிறேன். அன்றைக்கு நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். தப்பு என்று சொல்லிச் சண்டைக்கு வரத்தான் ஆள் இல்லை.