நாற்பது காலிங்பெல்லும் ஒரு பூஜ்யமும்

முடிவெடுக்கத் தெரியாதவனைச் சோம்பேறி என்கிறார்கள். அபாண்டம். முடிவெடுத்தவன் ஒரு வேலையைத்தான் பார்க்கிறான். எடுக்காதவன் இரண்டு வேலையையும் மனசுக்குள் முழுசாகச் செய்து முடித்து, இரண்டிலும் நஷ்டப்பட்டு, சாயங்காலம் களைத்துப்போய் வீடு திரும்புகிறான். நான் அந்த ரகம்.

கொடைக்கானல் மலையில் டி.வி. கோபுரம் வந்த புதிது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா காலமாகியிருந்தார். அம்மா, தங்கை வாசுகி, நான். அரசு அலுவலகம் ஒன்றில் எனக்குக் கிளார்க் வேலை. அங்கே எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை, கோப்பை மேலே அனுப்பினால் போதும். வீட்டில்தான் சிக்கல். (மேலே போயிருந்தவர் அப்பா ஒருவர்தான். அவரிடமிருந்து பதில் வருவதில்லை.)

அந்தச் சமயத்தில் வாசுகிக்குச் சோழவந்தானிலிருந்து ஒரு வரன் வந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். இன்னொருவர் ஐந்து என்றார். மூன்றாவது ஆளிடம் போனேன். அவர், மற்ற இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஆறரை என்றார்.

மூன்றில் எதை நம்புவது? நாளைக்கு அவள் கண் கலங்கி வந்து நின்றால், 'யார் பார்த்து முடித்த இடம்?' என்று ஊர் கேட்கும். அண்ணன்தான் என்று என் பக்கம் கை நீளும். நட்சத்திரப் பொருத்தம் என்பது என்ன? இந்த நட்சத்திரத்துக்கு அந்த நட்சத்திரம் சேருமா என்கிற ஒரு வாய்ப்பாடு. அதை ஒரு மெஷினுக்குள் ஏற்றிவிட்டால்? ஊர்க்கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய மெஷின் வேண்டாம். வீட்டோடு ஒன்று, சின்னதாக, மலிவாக, பொருத்தம் பார்ப்பதற்கு மட்டும். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் கோர்ஸ் வேறு படித்திருந்தேன். (எட்டுப் பேருக்கு ஒரு மெஷின். அதன் முதுகுப்பக்கம் எனக்கு நல்ல பழக்கம்.) இன்றைக்கு யோசித்தால் புரிகிறது. நான் தேடியது பழியைச் சுமக்க ஒரு மெஷின்.

ஆனால் அந்த மெஷினை வாங்குவதா, நாமே கட்டுவதா என்று முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அங்கேதான் மாட்டினேன்.

சென்னையில் விற்கிறார்கள், டி.வி.யில் செருகினால் படம் வரும் என்று கேள்வி. வாங்கலாம். கெட்டுப்போனால் ரிப்பேருக்கு மதுரையில் ஆள் ஏது? ஆகவே கட்டலாம். கட்டி, அது வேலை செய்யாவிட்டால்? ஆகவே வாங்கலாம். காலையில் பல் விளக்கும்போது கட்டுவேன். சாப்பிடும்போது வாங்குவேன். வாசுகி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அண்ணே, இப்ப எதுல இருக்க? கட்டுறியா வாங்குறியா?" என்று விசாரிப்பாள். சோழவந்தான்காரர்கள் அதற்குள் தரகரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

ரேடியோ மெக்கானிக் பாண்டி என் சிநேகிதன். தெருவில் யார் வீட்டு ரேடியோ இருமினாலும் அவன்தான் வைத்தியன். "கட்டிருவோம் மாப்ள, டிரான்சிஸ்டர் கட்டலையா?" என்பான். கட்டலாம் என்று நான் கிளம்பினால், "எதுக்கும் விலை கேட்டு வச்சுக்க" என்று வாங்குகிற பக்கம் தள்ளிவிடுவான். எனக்கேற்ற ஆலோசகர்.

கடைசியில் முடிவு செய்தவர் தரகர். எங்கள் தாமதத்துக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று, அவர் சோழவந்தானில், "பொண்ணோட அண்ணன் வீட்டுலயே சொந்தமா கம்ப்யூட்டர் வச்சிருக்காப்ல, அதுல போட்டுப் பாத்துக்கிட்டிருக்காக" என்று சொல்லிவைத்துவிட்டார். அவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அடுத்த மாசம் பெண் பார்க்க வருகிறோம், அப்படியே அதையும் பார்த்துவிடுகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

பாண்டி ராத்திரி பஸ் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் மஞ்சள் பைக்குள் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. நோட்டுப் புத்தக அளவு. உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது, மேலே எழுத்துப் பலகை மட்டும் செத்துப்போனது என்றான். அதனால்தான் மலிவு. எனக்கு நிம்மதியாகிவிட்டது. மூளையை வாங்கியாயிற்று, விரலைக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கத்தையும் விட்டுக்கொடுக்காத முடிவு. உலகத்திலேயே மோசமான முடிவு அதுதான் என்று அப்போது தெரியாது.

நாற்பது விசைகள் வேண்டும். நல்ல விசை மதுரையில் கிடைக்காது. "காலிங்பெல் ஸ்விட்சும் அமுக்குனா சேரும், விட்டா பிரியும். இதுவும் அம்புட்டுத்தேன்" என்றான் பாண்டி. டவுன்ஹால் ரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் நாற்பது காலிங்பெல் ஸ்விட்ச் கேட்டேன். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார், காபி சொன்னார்.

"லாட்ஜு எந்தப் பக்கம்ணே கட்டுறீக?"

கம்ப்யூட்டர் என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஸ்டேஷன் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். ஃபேன், டியூப்லைட்டெல்லாம் நம்ம கடையிலேயே எடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்து வழியனுப்பினார்.

தச்சரிடம் ஒரு பிளைவுட் பலகை வாங்கி, அடியில் நான்கு குட்டைக் கால் அடித்து, வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை ஸ்விட்ச் பதித்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயிண்டில் எழுத்தும் எண்ணும். முடிந்ததும் தூர நின்று பார்த்தேன். அச்சு அசலாகக் கல்யாண மணை. மூன்றெழுத்து அடிக்க இரண்டு கையும் முழங்கால் ஒன்றும் தேவைப்பட்டது. ஆனால் வேலை செய்தது. சனிக்கிழமை வாசுகி நட்சத்திரத்தையும் மாப்பிள்ளை நட்சத்திரத்தையும் போட்டேன். எட்டு. முதல் ஜோசியர் ஜெயித்துவிட்டார். ஜாதகம் வந்ததிலிருந்து எனக்கு அன்றுதான் நல்ல தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, பெரியப்பா. பெரியப்பா ஆகிருதியான மனிதர். அவர் நிலைப்படியில் நின்றபோது கூடம் இருட்டியது. கம்ப்யூட்டரையும் டி.வி.யையும் ஓட விட்டு, டி.வி.யின் மரக்கதவைச் சாத்தியிருந்தேன். பலகையில் தூசி படாமலிருக்க மேலே ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருந்தேன்.

நான் நாற்காலி எடுத்து வருவதற்குள் பெரியப்பா நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்தார்.

"பலகையெல்லாம் போட்டு வச்சிருக்காக, பாத்தியா" என்று தம்பியிடம் மெச்சிக்கொண்டார்.

பெண்ணுக்கு அண்ணனாகப் பிறந்தவன், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைப் பார்த்து, 'கொஞ்சம் எந்திரிங்க' என்று சொல்லலாமா கூடாதா? நின்றுகொண்டே யோசித்தேன். சொன்னால் மரியாதை போகும், சொல்லாவிட்டால் மெஷின் போகும். நாற்காலியைக் காட்டினேன். "இருக்கட்டும் தம்பி, தரையோட இருக்கிறதுதேன் நமக்குத் தோது" என்றார். அவர் பஜ்ஜிக்குக் குனியும்போது அடியிலிருந்து டக் டக் என்றது. காபிக்கு நிமிர்ந்தால் டக். என் மெஷினுக்குள் அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னென்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

வாசுகி வந்து வணங்கினாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. ஒயர் கூடையிலிருந்து மல்லிகைப்பூப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். பூ வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டரு எங்க தம்பி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெரியப்பாவைக் காட்டி வெள்ளந்தியாக, "அண்ணன் உக்காந்திருக்காகளே, அதுதேன்" என்றாள்.

அந்த உடம்பு அவ்வளவு வேகமாக எழுந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஷாக் அடிக்குமா என்று வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஜமுக்காளத்தை எடுத்தேன். டி.வி. கதவைத் திறந்தேன். திரை முழுக்கப் பெரியப்பாவின் கைங்கரியம். அதை அழித்து, புரோகிராமை முதலிலிருந்து ஓட்டினேன். பெண் நட்சத்திரத்தின் எண்ணைக் கேட்டது, அழுத்தினேன். ஆண் நட்சத்திரம் கேட்டது, அழுத்தினேன். ஸ்விட்சைத் தேடித் தேடி அழுத்தியதால் கண் பலகையிலேயே இருந்தது. நிமிர்ந்தபோது திரையில் இங்கிலீஷ் எழுத்தில் 'பொருத்தம்' என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு பூஜ்யம்.

மாப்பிள்ளையின் அம்மா பூப்பொட்டலத்தை மறுபடி மடித்தார். அது கூடைக்குள் போனதை நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள். நேற்று எட்டு காட்டியது என்று சொல்லலாமா? சொன்னால், பெண்ணைத் தள்ளிவிடப் பொய் சொல்கிறான் என்பார்களா? மறுபடி போடலாமா? மறுபடியும் பூஜ்யம் வந்தால்? பழியைச் சுமக்கத்தான் அந்த மெஷினைக் கட்டினேன். அது பழியைத் தூக்கி வாசுகி மடியில் போட்டுவிட்டுக் கம்மென்று இருந்தது.

வாசுகிதான் பேசினாள். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, அத்தை மாமா நட்சத்திரத்தையும் கேட்டுப் போட்டுப் பாரேன்" என்றாள். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் அத்தை, மாமா. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் சொன்னார்கள். போட்டேன். பூஜ்யம்.

மாப்பிள்ளையின் அப்பா திரையைக் கையால் காட்டினார். "முப்பது வருசமா இதத்தேன் நான் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்தப் பொட்டிக்காச்சும் வெளங்கியிருக்கே."

"அப்பவே இதக் கொண்டாந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல" என்றார் அந்த அம்மா. சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா சிரித்ததில் தட்டு அதிர்ந்தது.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "இது வாங்குனதா, கட்டுனதா?"

எத்தனையோ மாசமாக என்னை அரித்த கேள்வி. நான் இரண்டு பக்கமும் யோசிக்க ஆரம்பித்தேன். வாசுகி சொன்னாள்: "பாதி அது, பாதி இது. எங்க அண்ணனால எதையும் முழுசா முடிவு பண்ண முடியாது."

"அப்ப நாம பண்ணிக்கிருவோம்" என்று சொல்லி, அந்த அம்மா கூடைக்குள் கையை விட்டார். பூ வாசுகி தலைக்கு ஏறியது.

பெரியப்பாவின் பாரத்தில் எண் வரிசைக்கான ஒயர் அறுந்துபோயிருந்ததை மறுநாள் பாண்டி கண்டுபிடித்தான். எந்த எண்ணை அழுத்தினாலும் உள்ளே போய்ச் சேரவில்லை. எண் வராவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் எனப் புரோகிராமில் எழுதியிருந்தது சாட்சாத் நானே.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க அமுக்குன நம்பரு எதுவுமே டி.வி.யில விழலையே, மச்சான். நான் பாத்துக்கிட்டுதேன் இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதச் சரிபண்ணிட்டுத்தேன் மத்ததுன்னு ஒரு வருசம் ஆக்கியிருப்பீக."

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் குடும்பத்தில் யாராவது ஃபிரிட்ஜ் வாங்க யோசித்தாலும், பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று குழம்பினாலும், "என்ன, கட்டுறியா வாங்குறியா?" என்றுதான் கேட்பார்கள். டவுன்ஹால் ரோட்டில் அந்தக் கடை இருக்கும் பக்கம் நான் இன்றைக்கும் போவதில்லை. லாட்ஜு என்னாச்சு என்று கேட்டால் என்ன சொல்வது?

கம்ப்யூட்டரைப் பாண்டி எப்போதோ பிரித்துவிட்டான். நாற்பதில் ஒரு ஸ்விட்ச் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. சோழவந்தானில் வாசுகி வீட்டு வாசலில், காலிங்பெல்லாக. நாங்கள் சீராகக் கொடுத்தவற்றில் அதைத்தான் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். சிவப்புப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும், கதவைத் தட்டுவதா பெல் அடிப்பதா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, பூஜ்யத்தை அழுத்துகிறேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "அண்ணந்தேன் வந்திருக்கு. செருப்புச் சத்தம் கேட்டு எம்புட்டு நேரமாச்சு, இப்பத்தேன் பெல் அடிக்குது."