வௌவால் சாமியை எடுத்துவந்தது நான்தான்

பெரம்பலூர்
புரட்டாசி 28

செந்துறை பெரிய மாமா அவர்களுக்கு, உங்கள் தம்பி மருமகள் பிரவீணா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போனில் சொல்ல தைரியம் வரவில்லை.

நம் வௌவால் சாமியை யாரும் திருடவில்லை, மாமா. நான்தான் எடுத்துவந்தேன். உங்கள் வீட்டில் வேலை செய்யும் வீரமணியைச் சந்தேகப்படாதீர்கள், பாவம். குறி சொன்னவர் "தண்ணிக்குள்ள கெடக்கு" என்றாராமே, அது சரிதான். எங்கள் பாத்ரூம் பக்கெட்டில்தான் கிடக்கிறது.

அன்றைக்கு உங்கள் பூசையறையைத் துடைக்கும்போது, சாமியின் தலைவிளிம்பில் சந்தனத்துக்கு அடியில் 1916 என்று தெரிந்தது. படித்த புத்தி சும்மா இருக்குமா? ரஞ்சன்குடியில் தங்கசாமி என்று பீரங்கிப் படையில் இருந்து ரிட்டயர் ஆனவர் இருக்கிறார். அவரிடம் காட்டிவிட்டு மறுநாளே வைத்துவிடலாம் என்று கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து, அதன்மேல் தமிழரசனையும் உட்காரவைத்துக்கொண்டு வந்தேன். மூன்று வயசுப் பிள்ளை, வழியெல்லாம் அதைத் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான்.

தங்கசாமி பார்த்த உடனே சொல்லிவிட்டார். "இது பீரங்கிக் குண்டோட பித்தளைக் கூடு பாப்பா. சுட்டு முடிஞ்ச கூட்டப் பொறுக்கியாந்து, பதுங்குகுழியில குந்திக்கிட்டு ஆணியால பூவு, பறவைன்னு கொத்துவாங்க. 1916ன்னா மொத ஒலகப் போரு, உங்காளு ஈராக்குப் பக்கம் பாஸ்ராவுல கொத்துனதா இருக்கும்." பிறகு அதைப் புரட்டி வாய் மேலே இருக்கும்படி வைத்தார். மாமா, அது வௌவால் இல்லை. சிறகை விரித்த புறா. அடியில் பி.மு. என்று, பட்டாளத்துக்குப் போய்வந்த உங்கள் தாத்தா பிச்சைமுத்துவின் எழுத்து. நூறு வருஷமாகப் புறாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வௌவால் என்று கும்பிட்டிருக்கிறோம். வௌவால் மிரளும் என்று நாலு தலைமுறையாக நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஓர் ஊசிவெடிகூட வெடித்ததில்லை!

தங்கசாமி அதோடு விட்டிருக்கலாம். "நடுவுல பொட்டு வெச்சிருக்கீங்களே, அங்கதான் பத்தவெக்கிற மருந்து இருக்கும். சுட்டதா இருந்தா ஒரு குழி வுழுந்திருக்கும். சந்தனத்த எடுத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் அது மேல எதையும் போட்டுராதீங்க."

"தேங்கா ஒடைப்போம் சார்."

"எது மேல?"

"அந்தப் பொட்டு மேலதான்."

அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பொட்டை மூத்தவர் கைதான் தொட வேண்டும் என்று உங்கள் தம்பி மகன் சுரண்ட விடவில்லை. அதனால் பக்கெட் தண்ணீரில் முக்கிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். மூன்று வாரமாக அவர் குளிப்பது பக்கத்து வீட்டில். நான் தூங்குவதே இல்லை.

ஆகவே மாமா, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தமிழரசனுக்கு நம் வீட்டில் மொட்டை போடும்போது தேங்காயைக் கல்லில் உடையுங்கள். அவன் உங்கள் மடியில் உட்கார்ந்திருப்பான். சாமியை நிமிர்த்தி வையுங்கள். பிள்ளைகள் இந்த வருஷமாவது வெடிக்கட்டும். தெருவில் மற்றவர்கள் வெடிக்கும்போது தமிழரசன் தனக்கும் வேண்டும் என்று அழுகிறான். ஒரு பெட்டி வாங்கிவிட்டேன்.

பெரிய அத்தைக்கு என் வணக்கம். வீரமணியிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். என்னை எவ்வளவு திட்டினாலும் பிள்ளையை ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு
பிரவீணா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் தங்கசாமியே வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கெட்டில் கையை விட்டார். மூன்று வாரத்தில் சந்தனம் முழுக்கக் கரைந்திருந்தது. நடுவில் குழி இருக்கிறது மாமா, என்றைக்கோ சுட்டு முடிந்தது. தேங்காயை அதன்மேலேயே உடைக்கலாம். "வாயக் கவுத்து வெச்சது யாரு?" என்று கேட்டார். உங்கள் தாத்தா என்றேன். "வெடி வெடிக்கக் கூடாதுன்னது?" அதுவும் அவர்தான் என்றேன். கொத்தினவருக்கு அது வௌவால் இல்லை என்று தெரியாதா, மாமா? தங்கசாமி அதைத் துடைத்து, மறுபடி வாயைக் கவிழ்த்தே வைத்தார். பிறகு, "தீவாளி அன்னைக்கு வெடிச் சத்தம் தாங்காம நானும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளாறதான் கெடப்பேன் பாப்பா" என்றார். சாமி கவிழ்ந்தபடியே இருக்கட்டும். வெடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தமிழரசன் கேட்டால் வௌவால் என்றே சொல்லுங்கள்.