காக்கை விரட்டும் உத்தியோகம்

லேமினேஷன் மெஷினுக்குள் முழுதாகப் போன பத்திரிகைப் படம், வெளியே வரும்போது கருகிச் சுருண்டிருந்தது. நூலக உதவியாளர் செல்வநாதன் பிரித்துப் பார்த்தார். மிஞ்சியது ஒரு முழங்கால் மட்டும்.

பழைய நாளிதழ்களில் வந்த விசித்திர வேலைகளின் படங்களை வைத்து, மறுநாள் காலை காரைக்கால் நூலகத்தில் கண்காட்சி. அதன் நட்சத்திரமே இந்தப் படம்தான். வருடம் 1974. சுண்ணாம்புப் புள்ளி வைத்த பானையைத் தொப்பிபோலக் கவிழ்த்து, இரு கைகளையும் விரித்து, காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் காயும் கருவாட்டுக்கு நடுவே ஒருவர் நிற்பார். ‘காக்கை விரட்ட மாதச் சம்பளம்!’ என்று தலைப்பு.

“படம் பத்திரமா இருக்குல்ல?” என்று கேட்டபடி வந்தார் நூலகர் மதிவதனி. “அதை எடுத்த போட்டோகிராபர் மீரா சாகிப் ஐயாவே திறந்து வைக்க வர்றாரு. அந்தப் படம் நெசமாவே ஒங்ககிட்ட இருக்கான்னு மூணு தடவை போன் பண்ணிட்டாரு. ஏதாவது ஆச்சு, ஒங்களை ஏனாமுக்கு மாத்தச் சொல்லி நானே எழுதுவேன்.”

ஏனாமும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டதுதான்; ஆனால் இருப்பது ஆந்திராவுக்குள், கோதாவரிக் கரையில். செல்வநாதனுக்குத் தெலுங்கும் தெரியாது, மனைவி ஜோஸ்பின் இல்லாமல் சோறு வடிக்கவும் தெரியாது.

“பத்திரமா இருக்குங்க மேடம்.”

மாலையில் மச்சினன் மரியசெல்வத்தையும் ஒரு பானையையும் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

“மாமா, சுண்ணாம்பு ஈரமா இருக்கு. கண்ணுல வடியுது.”

“கையை விரிடா. ஆடாத!”

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து வந்து எதற்கென்று கேட்டார். செல்வநாதன் படத்தின் தலைப்பைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “காக்கா வெரட்டச் சம்பளமா? எங்க ஊர்லயா? யாருங்க குடுத்தா?”

செல்வநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கவலை வேறு. மரியசெல்வம் ஆடாமல் நின்ற ஒரே நொடியில், அவன் தோளில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது.

ஸ்டுடியோக்காரர் படத்திலிருந்து காக்கையை அழித்தார். கூடவே மரியசெல்வத்தின் இடது காதும் போனது. வலது காதையே திருப்பி ஒட்டினார். தலைப்பையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, படம் பழசாகத் தெரிய டிகாக்‌ஷனில் முக்கினார்கள். படத்தில் மரியசெல்வத்துக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

மறுநாள் கூட்டம் முழுக்க அந்தப் படத்தின் முன்னால்தான். மதிவதனி உற்சாகமாக மைக்கைப் பிடித்தார்.

“இவரோட குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு, நம்ம செல்வநாதன் மேடைக்குக் கூட்டிட்டு வருவாரு! பொன்னாடை போத்துவோம்!”

அந்தக் குடும்பம், ஜோஸ்பினும் மரியசெல்வமுமாக, கடைசி வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

மீரா சாகிப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு செல்வநாதனை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“இது நான் எடுத்த படமில்லயே தம்பி.”

செல்வநாதன் உடைந்துபோனார். மெஷின், பானை, மச்சினன், காது, ஏனாம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அசல் போயிடுச்சா? நெசமாவா?”

“முழங்கால்தான் மிச்சங்க. அதையும் அடுப்புல போட்டுட்டேன்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. “ஒரு வாரமாத் தூக்கமில்ல எனக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, நானும் விட மாட்டேன்.”

ஏனாம் விலகிப்போனதில் செல்வநாதனுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் ஒன்றும் விளங்கவில்லை. “அசல் போனா உங்களுக்கு என்னங்க சந்தோஷம்?”

மீரா சாகிப் அவர் காதருகே குனிந்தார்.

“அப்படி ஒரு வேலையே கெடயாது தம்பி. அன்னைக்குப் பேப்பர்ல ஒரு படத்துக்கு எடம் காலியாக் கெடந்துச்சு. பானையைக் கவுத்து நான் நிக்க வச்சதும் எம் மச்சினனைத்தான்!”