வர மறுத்த படபடப்பு

நமக்காக ஜெபிக்கச் சொல்லும்போது, எதற்கு ஜெபிக்க வேண்டும் என்பதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டு, அதன் பலனை ஆஸ்பத்திரி மேஜை மேல் மல்லாந்து படுத்தபடி அனுபவித்தேன்.

நான் இயற்பியல் வாத்தியார். ஒருநாள் வகுப்பில் மின்சுற்று நடத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சு தறிகெட்டு ஓடி, கரும்பலகை ஓரமாகச் சாய்ந்துவிட்டேன். (பையன்கள் செய்முறை விளக்கம் என்று நினைத்தார்களாம்.) இதயத்துக்குள் ஏதோ ஓர் இடம் தப்பாக மின்சாரம் விடுகிறது, அடுத்தமுறை விழுந்தால் எழுந்திருப்பது நிச்சயமில்லை என்றார் டாக்டர். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இதயத்துக்கு அனுப்பி, அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிடலாம். ஆனால் படபடப்பு வந்தால்தான் இடம் தெரியும். அதனால் அவர்களே அதைத் தூண்டிவிடுவார்களாம்.

இந்தக் கடைசி விவரத்தைத்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சபையின் ஜெபக்குழுவுக்குச் சொல்லாமல் விட்டேன். “மேஜையில் படபடப்பு வரவே கூடாது என்று ஜெபியுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். குழுத் தலைவர் டேவிட் மச்சான், என் மனைவி கிரேஸின் அண்ணன். மைக் இல்லாமலே அடுத்த தெரு வரை கேட்கும்படி ஜெபிப்பவர். வேன் நிறைய ஆட்களோடு வந்து ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே எனக்கு முழு மயக்கம் தரவில்லை. டாக்டர் தூண்டினார். வரவில்லை. மருந்து ஏற்றினார். வரவில்லை. பிரேயரில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி என் இதயம் அவ்வளவு ஒழுங்காக நின்றது.

“வீட்ல எப்ப சார் வரும்?”

“பேப்பர் திருத்தும்போது.”

“இப்ப வரலைன்னா எங்க சுடறதுன்னே தெரியாது. அப்படியேதான் வீட்டுக்கு அனுப்பணும்.”

“சார், வெளிய ஜெபம் பண்றாங்க. வரக்கூடாதுன்னு...” என்று உளறினேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ரொம்ப நேரம் போராடிய பிறகு அவருக்கும் சிரிப்பு வரவில்லை. “சிஸ்டர், கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் பாருங்க” என்றார்.

போன சிஸ்டர் திரும்பி வந்தார். “மாட்டாங்களாம் டாக்டர். வியாதி வரணும்னு ஜெபிக்கச் சொல்லி பைபிள்ல எங்கயும் இல்லைன்னு இவர் மச்சான் சொல்றாரு. அப்புறம், ஞாயித்துக்கிழமை இவர் வீட்ல, இவர் செலவுல சபை மொத்தத்துக்கும் மட்டன் பிரியாணின்னு அறிவிச்சுட்டாரு.”

அடுத்த நொடி என் நெஞ்சுக்குள் மிக்ஸி ஓடியது.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!” அறை முழுக்கச் சந்தோஷம். குழந்தை பிறந்த வீடு தோற்றது. எனக்கோ கிரேஸை இனி பார்ப்பேனா என்று பயம். வாய்விட்டு அழுதேன்.

“அழாதீங்க சார், இடம் கிடைச்சுடுச்சு” என்று டாக்டர் சுடத் தொடங்கினார். பிறகு எவ்வளவு தூண்டியும் அது வரவில்லை. இந்தமுறை வராததற்கு எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மருந்து வேலை செய்தது என்கிறார் டாக்டர். பிரியாணி என்கிறேன் நான். மச்சானோ, எங்கள் வீட்டு நல்லியை உறிஞ்சிக்கொண்டே சாட்சி சொன்னார்: “தண்ணி குடிக்க ஜெபத்தை ஒரு நிமிஷம் நிறுத்தினேன். அந்த கேப்ல வந்துடுச்சு.”

சபையே அதை நம்புகிறது. இப்போது அங்கே யாருக்கு ஆபரேஷன் என்றாலும், ஜெபம் தொடங்கும் முன் மச்சானிடமிருந்து எனக்கு போன் வந்துவிடும். போன வாரம் ஒருவருக்குக் கண்புரை.

“மாப்ள, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. இது வரணுமா, வரக்கூடாதா?”