பென்னாகரத்தில் கை நனைத்தேன்

எதைப் பற்றியும் கருத்து சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இதை ஒரு வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கைபேசியில் குடும்பக் குழு, நண்பர்கள் குழு என்று இந்த வியாதிக்கு எத்தனையோ வாசல். எண்பதுகளில் எனக்கு இருந்தது ஒரே வாசல், அதியமான்கோட்டை மெயின் ரோட்டு டீக்கடை. பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக்கொள்வோம். என் கைக்கு விளையாட்டுப் பக்கம் வந்தாலும் நான் பேசுவது மத்திய அரசைப் பற்றித்தான். டிவி வந்தால் நாடு குட்டிச்சுவராகும் என்பேன். மிக்ஸியில் அரைத்த சட்னி உடம்புக்கு ஆகாது என்பேன். (எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது, வாங்க வக்கும் கிடையாது.) யாராவது மறுத்துப் பேசினால் எனக்கு அன்று பொழுது நல்லபடியாகப் போகும்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இண்டூரில் ஒரு பெண்ணை மிகவும் பிடித்திருந்தது. இருந்தாலும் தரகர் சொன்ன வார்த்தைக்காக பென்னாகரத்திலும் ஒரு வீட்டை எட்டிப் பார்த்துவிடலாம் என்று அம்மா, தாய்மாமா, நான் மூவரும் பஸ் ஏறினோம்.

வழியெல்லாம் மாமா ஓதிக்கொண்டே வந்தார். "டேய் குமாரு, போற வூட்ல காப்பி குடி, மிச்சர் கொறி. சோத்துல மட்டும் கை வெச்சிராத. உங்கம்மா இண்டூருக்குத்தான் வாக்கு குடுக்கப் போறா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுவிட்டால், சம்பந்தம் முடிந்தது என்று பொருள். சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குத்தான் ஊரில் தலைகுனிவு. அதனால் எவ்வளவு பசித்தாலும் யாரும் காப்பியைத் தாண்ட மாட்டார்கள். "எனக்குத் தெரியாதா மாமா?" என்று சலித்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் புது டிவி ஒன்று, மேலே பூ வேலை செய்த துணியோடு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் பெண்ணின் அண்ணன் பழனி. டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கும் என் வியாதிதான் என்பது காப்பி வருவதற்குள் தெரிந்துவிட்டது. டிவியில் ஆரம்பித்தோம், எலெக்‌ஷனுக்குப் போனோம், மிக்ஸியில் குரல் உயர்ந்தது. பெண் வந்து காப்பி கொடுத்துவிட்டுப் போனதே அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் விலைவாசிக்குக் காரணம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகச் சாப்பாட்டில் வந்து நின்றோம்.

"இனிமே எவனுங்க களி திம்பான்? எல்லாரும் அரிசிக்கு மாறிட்டாங்க. அதாங்க முன்னேத்தம்" என்றார் பழனி.

எனக்குச் சுர்ரென்றது. "களி தின்ன ஒடம்புதாங்க இந்த மாவட்டத்து ஒடம்பு! அரிசி தின்னு என்னத்தைக் கண்டோம்?" என்று பிடித்துக்கொண்டேன். ராகியின் பெருமையை விவசாயத்திலிருந்து வைத்தியம் வரை பேசித் தீர்த்தேன். (வீட்டில் களி கிண்டும் நாளில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போகிற ஆள் நான். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.)

பழனி சிரித்தார். "பேசறது சுளுவுங்க. ஆபீஸ் ஆளு நீங்க. களிய மெல்லாம முழுங்கோணும், தெரியுங்களா?"

"ஏன் தெரியாது? கொண்டாங்க, முழுங்கிக் காட்டறேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வளைக்கை என் முன்னால் தட்டை வைத்தது. களி உருண்டை, நடுவில் குழி, குழியில் அவரைக்கொட்டைக் குழம்பு. நான் பழனியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமா "டேய், டேய்" என்றது காதில் விழுந்தது. எனக்கு உற்சாகம் கொடுக்கிறார் என்று நினைத்து, பெரிய துண்டாகப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டேன்.

பெண்ணின் அப்பா எழுந்து கை கூப்பினார். "மாப்ள கை நனைச்சுட்டாருங்க! ரொம்ப சந்தோசம். ஏ புள்ள, வெத்தலத் தட்ட எடுத்தா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, இது வெறும் பேச்சுக்குங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். களி தொண்டையில் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாழ்க்கையில் நான் பேசியே ஆகவேண்டியிருந்த ஒரே தருணத்தில் என்னால் பேச முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "மாப்ளைக்கு ஆனந்தக் கண்ணீருங்க" என்றார் பழனி. இதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமா என் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலோரம் இருந்த அம்மாதான் கடைசியில் பேசினார். "இனி இண்டூர்க்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அந்தப் புள்ளைய மட்டும் தலகுனிய வெச்சிராத." பெண்ணின் முகத்தையே பார்க்காமல் நிச்சயமாகியிருக்கிறது என்பதை அப்போது அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒருநாள் என் மனைவி செல்வியிடம் கேட்டேன். "அன்னைக்கு வழக்கம் தெரியாமத்தான தட்டைக் கொண்டாந்த?"

"தெரியாம இருக்குமா?" என்றாள். "எங்கண்ணன் யாரையும் பேச விடாது. அண்ணனையே பேச விடாத ஒரு ஆள அன்னைக்குத்தான் பாத்தேன். இந்த வாயை அடைக்க ஒரு வழி இருக்குதான்னு பாக்கலாம்னு தோணுச்சு."

எனக்கு ஒரே சந்தோஷம். நான் முகம் பார்க்காமல் கட்டிக்கொண்டவள், என்னை நன்றாகப் பார்த்துத்தான் தட்டை வைத்திருக்கிறாள்.

இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதனின் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டுதான் அன்று சண்டை போட்டேன். சொன்ன சொல்லுக்கு அங்கேயே தட்டு வந்தது, நான் விழுங்கவேண்டியிருந்தது. இன்று குழுவில் முகம் தெரியாத ஆளிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறேன். எதையும் விழுங்க வேண்டியதில்லை. இது எனக்கு நல்லதாகப் படவில்லை.

போன வாரம் குடும்பக் குழுவில் பழனி, மின்சாரக் கார்தான் இனி எல்லாம் என்று எழுதியிருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நீளமாக ஒரு பதில் அடித்துக்கொண்டிருந்தேன். 'குமார் டைப் செய்கிறார்' என்று தெரிந்ததுமே மகளின் செய்தி வந்து விழுந்தது: "அப்பா, கை நனைச்சிராதீங்க." அதன் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். முதல் முகம் பழனியுடையது.

அடித்ததை அழித்தேன். சமையலறையிலிருந்து செல்வி கூப்பிட்டாள்: "களி ஆயிருச்சு, வாங்க."

ஒன்றும் பேசாமல் எழுந்து போனேன்.