ஆ என்றால் ஆமாம்

"டாக்டர், பல்லை நீங்க பாருங்க. நாட்டை நாங்க பார்த்துக்கறோம்."

கொப்பளித்துத் துப்பிய கையோடு பஸ் டிரைவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனதும், பல் டாக்டர் திகைத்து நின்றார். புது வரி ஏன் அவசியம் என்பதில் பாதியைத்தான் அவர் அதுவரை சொல்லியிருந்தார்.

"அவருக்கு என்ன கோபம் சிஸ்டர்? நான் சொன்னதுக்கெல்லாம் ஆமா போட்டுக்கிட்டுதானே இருந்தார்?"

"ஆமா போடல டாக்டர். ஆன்னு வாயைத் திறந்துக்கிட்டு இருந்தார்" என்றாள் சிஸ்டர்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் அவர் "இந்த அரசாங்கம் இருக்கே" என்று ஆரம்பித்தால் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். மகள் காதில் எதையாவது செருகிக்கொள்வாள். இந்த நாற்காலியில் வந்து சாய்கிறவர்கள் மட்டும்தான் அவர் பேச்சைக் கடைசிவரை கேட்டார்கள். அந்த நன்றிக்காகவே அவர்களுக்குப் பூப்போல வைத்தியம் பார்த்தார்.

"ஏற்கெனவே பாதிப் பேர் எதிர்த்தெரு டாக்டர்கிட்ட போயாச்சு. இப்படியே போனா கடையைக் கட்டவேண்டியதுதான். அரசியலை விட்டுடுங்க டாக்டர்."

விட்டார். அடுத்து வந்தவள் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண். டாக்டர் தொழில்நுட்பத்துக்குத் தாவினார்.

"இந்தச் செயற்கை அறிவெல்லாம் கொஞ்ச நாள் கூத்தும்மா. அப்புறம் சீந்த ஆள் இருக்காது. என்ன சொல்றே?"

அவள் சம்பளம் வாங்குவதே அந்த வேலைக்குத்தான். பதில் சொல்லப் போன வேகத்தில் அவள் வாயை மூடியபோது, டாக்டரின் ஆள்காட்டி விரல் உள்ளே இருந்தது.

"இனிமே விஞ்ஞானம் மட்டும்தான் சிஸ்டர்" என்றார் டாக்டர், விரலில் கட்டோடு. "அதுல யாருக்கும் கட்சி கிடையாது."

அடுத்து வந்த வாத்தியாரிடம், மைக்ரோவேவில் சூடு பண்ணினால் சாப்பாடு முழுக்க விஷம் என்றார். வந்தவர் இயற்பியல் வாத்தியாராகப் போய்விட்டார். வாயில் குழாயும் பஞ்சுமாக இருந்ததால் இரண்டு கைகளையும் வீசி மறுத்தார். தட்டு ஒரு பக்கம், தண்ணீர்க் குவளை ஒரு பக்கம் பறந்தன.

"இனிமே வாயே திறக்காதீங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் சிஸ்டர், தரையைத் துடைத்துக்கொண்டே.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. மறுநாள் ஒரு வக்கீல் வந்தார். டாக்டர் பேசவே இல்லை. விளக்கை இழுத்தார், உற்றுப் பார்த்தார், பேச முடியாத ஏக்கத்தில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். வக்கீலுக்கு வியர்த்துக் கொட்டியது.

"டாக்டர், எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

டாக்டர் சோகமாகத் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான், கழுத்தில் கட்டிய துணியோடு வக்கீல் தெருவில் இறங்கிவிட்டார். அந்த டாக்டரே வாயடைச்சுப் போனார்னா உள்ளே எதைப் பார்த்தாரோ என்று ஊரெல்லாம் பேச்சு. அதோடு இருந்த மிச்சப் பேரும் வரவில்லை. காலி நாற்காலியில் டாக்டரே போய்ச் சாய்ந்துகொண்டு கூரையைப் பார்த்தார். சம்பாத்தியம் போனதைவிட, கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் அவரை வாட்டியது.

அப்படி இருந்த ஒரு காலையில்தான் கன்னம் வீங்கிப்போய் அதே பஸ் டிரைவர் வந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும். சிஸ்டர் மரத்துப்போக வைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்தாள். அதைப் பார்த்ததும் டிரைவர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏதாவது பேசுங்க டாக்டர். நீங்க சும்மா இருந்தாதான் பயமா இருக்கு."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஜமாவா சொல்றீங்க?"

"எதையாவது பேசித் தொலைங்க சார்."

டிரைவரின் வாயைத் திறந்து பிடித்ததுமே, அடக்கிவைத்த பேச்சு மொத்தமும் முட்டிக்கொண்டு வந்தது. "பாருங்க, இன்னும் கொஞ்ச வருஷத்துல பஸ்ஸெல்லாம் தானா ஓடும். யோசிச்சுப் பார்த்தா, பஸ் ஓட்டறதெல்லாம் ஒரு வேலையா? மெஷின் பண்ணிட்டுப் போகுது."

மூடிய கண்கள் படக்கென்று திறந்தன. "ஆ... ஆ..."

"ஆமாதானே? உங்களுக்கே தெரியுது. பிரேக் போடறதுல மனுஷனைவிட மெஷின்தான் கெட்டி."

"ஆஆ!"

பேசிக்கொண்டே டாக்டர் இடுக்கியைப் போட்டு, ஆட்டி, இழுத்தார். டிரைவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்தெடுக்காத குறை. வாய் விடுபட்டதும் எகிறி உட்கார்ந்தார்.

"கொட்டற மழைல, பந்தை எடுக்க ஒரு குழந்தை குறுக்க ஓடிவந்தா உங்க மெஷின் என்ன சார் பண்ணும்? அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் பல்லைப் பிடுங்குங்க."

"பிடுங்கியாச்சே" என்று டாக்டர் இடுக்கியில் இருந்த பல்லைக் காட்டினார்.

டிரைவர் நாக்கால் துழாவிப் பார்த்தார். கோபமெல்லாம் போய் முகம் மலர்ந்தது. "அட, வலியே தெரியலையே. ரொம்ப நன்றி டாக்டர். எங்க டிப்போ முழுக்க இனிமே உங்ககிட்டதான்."

டாக்டர் உருகிப்போனார். "எனக்கு எதுக்குங்க நன்றி? நீங்க உட்கார்ந்து கேட்டீங்களே, நான்தான் சொல்லணும். வலிக்காம இருந்ததுக்கு விஞ்ஞானத்துக்கு நன்றி சொல்லுங்க. மருந்து அப்படி. ஊசி உள்ளே போச்சுன்னா, பல்லுல என்ன நடக்குதுன்னு மூளைக்குச் சேதியே போகாது. சரிதானே சிஸ்டர்?"

சிஸ்டர் தட்டைப் பார்த்தாள்.

"சரிதான் டாக்டர். ஆனா அந்த ஊசி இன்னும் தட்டுலயேதான் இருக்கு."