பன்னிரண்டாயிரம் பிளேட்

"ஒண்ணு புள்ளி ரெண்டுதான் சார் வருது" என்றாள் ஃபிசா. வாய்க்குப் போய்க்கொண்டிருந்த மெதுவடை கல்யாணராமனின் கையிலேயே நின்றது.

வேண்டியது இரண்டு.

அடையாறு பஸ் டிப்போவுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் கல்யாணராமன் நடத்தும் மருந்துப் பரிசோதனைக் கூடம் அது. பிற்பகல் மூன்று மணிக்கு அரசாங்க அதிகாரி வருகிறார். அவர் கண்ணெதிரே இயந்திரம் இரண்டு என்று காட்டினால் கூடத்துக்கு அனுமதி, ஃபிசாவுக்குத் தலைமை அனலிஸ்ட் பதவி. காட்டாவிட்டால் அந்த நாற்காலி கல்யாணராமனின் மச்சினர் மகன் அனிருத்துக்கு. அனிருத் அந்த இயந்திரத்தை ஆன் செய்வதற்கே ஆள் கூப்பிடுகிறவன். நான்கு வருடம் மாடாய் உழைத்த ஃபிசாவுக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் ஒன்றும் பிரம்ம ரகசியமில்லை. மருந்துக் கரைசலை ஒரு சாண் நீள எஃகுக் குழாய்க்குள் அழுத்தி அனுப்புவார்கள். உள்ளே நைசான பொடி அடைத்திருக்கும். மருந்து முன்னால் வரும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கசடு பின்னால் வரும். திரையில் இரண்டு மேடுகள் எழும்பும். ஒன்றை ஒன்று இடிக்காமல் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்குத்தான் அந்த இரண்டு. குழாய் எவ்வளவு கெட்டிக்காரக் குழாய் என்பதற்கு இன்னொரு கணக்கு உண்டு. அதைப் பிளேட் என்பார்கள். உள்ளே தட்டு ஏதும் கிடையாது, தேட வேண்டாம். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, அன்று காலைதான் டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிய புதுக் குழாயின் சான்றிதழ், பன்னிரண்டாயிரம் பிளேட் என்று அடித்துச் சொன்னது.

"பிளேட் எத்தனைன்னு பாத்தியா?"

"மேடு எட்டாவது நிமிஷத்துல வருது சார். அகலம் புள்ளி எட்டு. வகுத்தா பத்து, வர்க்கம் நூறு, பதினாறால பெருக்கினா ஆயிரத்து அறுநூறு."

"பன்னெண்டாயிரம் எங்கே, ஆயிரத்து அறுநூறு எங்கே? கணக்கைச் சரியாப் போடும்மா."

கல்யாணராமன் எழுந்து வெள்ளைப் பலகையில் தானே கணக்கை எழுதி, கையிலிருந்த கம்பியால் தட்டித் தட்டிக் காட்டினார். கம்பி என்றால் வேறொன்றுமில்லை, போன வருடம் உயிரை விட்ட பழைய குழாய்தான். தூக்கிப்போட மனம் வராமல் அதைப் பாடம் நடத்தும் குச்சியாக்கிக்கொண்டார். பாடம் இல்லாத நேரத்தில் அதனால் முதுகு சொறிவார்.

பலகையிலும் ஆயிரத்து அறுநூறுதான் வந்தது.

"ஒருவேளை வேற குழாயா இருக்குமோ சார்? நம்பரைப் பாத்துடட்டுமா?"

குழாயின் நம்பர் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா, கையில் அகப்பட்டதையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்திருந்தாள். ஸ்டேப்ளரைக்கூட விடவில்லை.

"குங்குமத்துல கை வைக்காதே. ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். பூஜையோட மகிமை உனக்குத் தெரியாது. ரெண்டு நாளா இந்தக் கம்பியே முதுகுக்கு என்ன இதமா இருக்கு தெரியுமோ?"

முதலாளி சொன்ன பிறகு அப்பீல் ஏது. ஃபிசா கையை எடுத்துக்கொண்டாள்.

"வேகத்தைப் பாதியாக் குறைச்சுடு. நிதானமா ஓடினா தானாப் பிரியும்" என்றார்.

குறைத்தாள். மருந்து பதினாறாவது நிமிடத்தில் ஆடி அசைந்து வந்து, இரண்டு நிமிட அகலத்துக்குப் பாய் விரித்துப் படுத்தது. பதினாறை இரண்டால் வகுத்தாள், வர்க்கம் எடுத்தாள், பெருக்கினாள்.

"ஆயிரத்து இருபத்து நாலு சார். இடைவெளி ஒண்ணுக்கும் கீழ போயிடுச்சு."

"ஆத்துல குழாய் அடைச்சிண்டா என்ன பண்றோம்? அந்தப் பக்கத்துலேர்ந்து தண்ணி விடறோமோ இல்லியோ? தலைகீழா மாட்டு."

மாட்டினாள். இணைப்பு கழன்று கரைசல் அவள் துப்பட்டாவில் பீய்ச்சியடித்தது. துடைத்து, முறுக்கி, மறுபடி ஓட்டினாள். மணி இரண்டு. இந்தத் தடவை திரையில் இரண்டு மேடுமில்லை. மருந்தும் கசடும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே மேடாக வந்தன.

ஃபிசாவுக்கு அழுகை வரவில்லை, வேகம்தான் வந்தது. அனிருத் அந்த நாற்காலியில் சுழன்று விளையாடுவது கண்ணில் தெரிந்தது. குழாயை நேராக மாட்டினாள், சூட்டை நாற்பத்தைந்துக்கு ஏற்றினாள், அல்லாவை வேண்டிக்கொண்டு மருந்துக் கரைசலை ஊசியால் உள்ளே செலுத்தினாள்.

கோடு மெல்ல எழுந்தது.

"மெலிசா ஏறுது சார்."

"ஏறட்டும், ஏறட்டும். மூச்சு விடாதே."

இருவரும் திரையில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தார்கள். கல்யாணராமன் கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு கபாலீஸ்வரரைக் கூப்பிட்டார். கோடு பாதி ஏறியது. அங்கேயே இளைப்பாறியது. பிறகு பக்கவாட்டில் பெருத்து, இட்லி மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதில் கணக்குப் போட ஒன்றுமே இல்லை.

"வணக்கம்" என்று வாசலில் குரல் கேட்டது. அதிகாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே டீத் தட்டோடு கன்னியம்மா.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். இட்லியைப் பார்த்தார். ஃபிசாவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? புதுக் குழாய் வாங்கியாச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அது எங்க?"

ஃபிசா பதில் சொல்ல வாயெடுத்தாள். கல்யாணராமன் முந்திக்கொண்டு, கம்பியை நீட்டி இயந்திரத்தைக் காட்டினார்.

"அதோ சார், புத்தம் புதுசு. அதுல ஒரு குத்தமும் இல்லை, ஓட்டற கைதான் சரியில்லை."

டீயை நீட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா ஐயா, அந்தப் பொண்ணைப் போயி சொல்றே? புதுசு உன் கையிலதான கீது. பூஜைக்குத் தேய்க்க சொல்ல பழசு சொரசொரன்னு இருந்திச்சு, ஐயா முதுகு தாங்காதேன்னு வழவழன்னு கீறத உனக்கு வெச்சிட்டு, பழச டப்பாவுல போட்டேன். மிசினுக்கு இன்னா தெரியப் போவுது?"